ஆறு புள்ளி எட்டு இரண்டு

எங்கள் கம்பெனி பில்லில் சரக்கு விலை, ஜி.எஸ்.டி., பேக்கிங், லாரி வாடகை எல்லாம் கூட்டி முடித்த பிறகு, மொத்தத் தொகைக்கு மேலே ஒரு சின்ன இடம் இருக்கும். ரவுண்ட் ஆஃப் என்று பெயர். ஐம்பது பைசாவுக்குக் கீழே வந்தால் விட்டுவிடுவோம். மேலே வந்தால் அடுத்த ரூபாய். வாங்குகிறவர் அதைப் பற்றிக் கேட்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம். எத்தனையோ ஊருக்குச் சரக்கு அனுப்பியிருக்கிறேன், இதற்காக ஒருவர் போன் போட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் போய் என் இளைய மகளின் படிப்பில் கை வைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினேன். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பிறகு லாரியில் லோடு ஏற்றினேன். பிறகு அடுத்தவர் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தேன். கடைசியில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம், கருவேல மரத்தைத் தவிர ஒன்றும் முளைக்காத நிலத்தில், என் சொந்த லைசென்சில் பட்டாசு ஆபீஸ் கட்டினேன். காலையில் என் வேன்கள் சுற்று வட்டாரத்துக் கிராமங்களுக்குப் போய் ஆட்களை ஏற்றி வருகின்றன. இதைச் சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். பீற்றிக்கொள்ளத்தான் செய்கிறேன். எனக்காக வேறு யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

மூத்தவன் தொழிலுக்கு வந்துவிட்டான், பெரிய மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். இளையவள் ரொம்பப் பிந்திப் பிறந்தவள். மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜில், ஹாஸ்டலில் தங்கி, கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளுக்கு ஒரே எண்ணம். பெரிய ரசாயனக் கம்பெனிகளில் பாதுகாப்புக்கு என்று தனிப் பிரிவு இருக்கிறதாம். எந்தப் பொருளை எதோடு சேர்க்கலாம், எங்கே சூடு ஏறும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்ப்பதே அங்கே வேலை. அதில்தான் சேருவேன் என்கிறாள்.

அது ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. எங்கள் பக்கத்தில் பகலில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால், அடுத்த நிமிடம் எல்லார் வீட்டுப் போனும் அடிக்கும். எங்க ஆபீஸா, உங்க ஆபீஸா என்றுதான் முதல் கேள்வி. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அப்படிச் சத்தம் கேட்ட நாட்களில், டீச்சர் தன் போனைப் பிள்ளைகளிடம் வரிசையாகக் கொடுப்பாராம். இவள் முறை வந்ததும் என்னைக் கூப்பிடுவாள். நான் எடுத்து, "இருக்கேன் தாயி" என்று மட்டும் சொல்வேன். வைத்துவிடுவாள். அப்படி வளர்ந்த பெண் வேறு எதைப் படிப்பாள்?

மூன்றாம் ஆண்டு முடிந்து வருகிற கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவது கம்பெனியில் போய் வேலை பழக வேண்டும். இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். அங்கே நல்ல பெயர் எடுத்தால் படிப்பு முடிந்ததும் அதே கம்பெனி வேலைக்கே கூப்பிடுமாம். சென்னைப் பக்கம் ஒரு பெரிய பெயிண்ட் கம்பெனி பாதுகாப்புப் பிரிவில் ஆள் எடுப்பதாக அறிவித்திருந்தது. அந்த இரண்டு மாதம் கிடைத்தால் போதும் என்று அவள் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

நம்ம ஆபீஸ்லயே ரெண்டு மாசம் இரு, நானே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துத் தருகிறேன் என்றேன். சிரித்தாள்.

"அப்பா கம்பெனி சர்டிபிகேட்டை எவன்ப்பா மதிப்பான்? கல்யாணப் பத்திரிகை மாதிரி நீங்களே அடிச்சுத் தருவீக."

எனக்குச் சுருக்கென்றது. என் கையெழுத்துக்கு லாரி லாரியாகச் சரக்கு நகர்கிறது. மகளுக்கு அது செல்லாது.

விண்ணப்பம் போடக் கடைசி நாள் அன்று ஹாஸ்டலில் நெட் இல்லை. அவளுக்கு லேபில் பரீட்சை வேறு. எங்கள் கணக்கரைக் கூப்பிட்டு, விவரமெல்லாம் அனுப்புகிறேன், நீங்கள் கம்ப்யூட்டரில் போட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்றாள். கணக்கர் என்னோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவர். அவளுக்குப் பில் போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பெயர், ஊர், படிப்பு என்று ஒவ்வொன்றாக அடித்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க் கேட்கும் இடம் வந்தது. பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும். அவள் அனுப்பியிருந்தது ஆறு புள்ளி எட்டு இரண்டு. கணக்கர் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. ஏழு என்று அடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். நானும் பார்த்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எண்பத்திரண்டு பைசா வந்தால் வேறு என்ன போடுவது?

இரண்டு வாரத்தில் பெயிண்ட் கம்பெனியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஹாஸ்டலில் இருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பேசினாள். நன்றாகப் பேசியிருக்கிறாள். எங்கள் ஆபீசில் மருந்து கலக்கும் அறையில் ஏன் ஈரச் சாக்கு விரிக்கிறோம், ஏன் வெயில் ஏறுமுன் கலவை வேலையை முடிக்கிறோம் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தார்களாம். தேர்வு ஆகிவிட்டாய், சர்டிபிகேட்டுகளை மட்டும் அனுப்பு என்று தகவல் வந்தது.

அன்றைக்கு நான் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆபீசில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். சென்னை ஏஜென்ட், கோயம்புத்தூர் ஏஜென்ட் என்று வரிசையாகப் போன் போட்டேன். சூலக்கரையில் ஒரு வேலையாகப் போனபோது, கலெக்டர் ஆபீஸ் வாசலில் டீக்கடைக்காரரிடம் கூடச் சொன்னேன். என் மனைவி இருக்கன்குடி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். போய் மாவிளக்கு எடுத்துவிட்டு வந்தோம். கோயிலில் பார்த்த சம்பந்தி வீட்டாரிடமும் சொன்னேன். எனக்கு வாய் நிற்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டு முடித்து, கம்பெனி அனுப்பச் சொன்ன மார்க் சீட்டுகளை ஏற்ற உட்கார்ந்தாள். தான் போட்டதாக இருந்த விண்ணப்பத்தை அப்போதுதான் முழுதாகப் படித்திருக்கிறாள். இரண்டாம் தடவையும் மேலிருந்து படித்தாள். பிறகு, மார்க்கில் ஏழு என்று போட்டது யார் என்று கேட்டாள். கணக்கரைக் கூப்பிட்டேன். வீடு பக்கத்துத் தெருதான், வந்தார்.

"எண்பத்திரண்டு வந்துச்சு பாப்பா. ரவுண்ட் பண்ணிட்டேன்" என்றார். செய்தது தவறு என்கிற எண்ணமே அவர் முகத்தில் இல்லை.

மகள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று பிறகு அவர் என்னிடம் சொன்னார். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் எங்களுக்கு விளங்கச் சொன்னாள். அந்தக் கம்பெனி ஏழுக்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தைப் பார்க்கவே பார்க்காது. தனக்கு ஏழு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் குறைவாகத்தான் வருவார்கள், ஒருவேளை பார்ப்பார்கள் என்று போட்டுப் பார்த்திருக்கிறாள். அழைப்பு வந்ததும், பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். உண்மையில் அவர்கள் பார்த்தது எங்கள் கணக்கர் போட்ட ஏழு என்ற எண்ணை.

சீட்டை அப்படியே ஏற்று, எவன் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கப் போகிறான் என்றேன். பார்த்துவிட்டால் என்றாள். பார்த்தால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

"யாருகிட்டப்பா பேசுவீக? அங்கன இருக்கிறது கம்ப்யூட்டரு. அதுக்குத் தீபாவளிப் பெட்டி அனுப்புவீகளா?"

 இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. எந்த வேலைக்கும் ஒருவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, முடித்துவிடுவேன். அந்த ஒரு விஷயத்தில் யாரைப் பிடிப்பது என்றே தெரியாமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி, "போனை வைங்க, எம்புட்டு நேரந்தான் அதையே பார்ப்பீக" என்றாள்.

மறுநாள் மகளோடு காலேஜுக்குப் போனேன். வர வேண்டாம் என்றாள். கேட்கவில்லை. கம்பெனிகளோடு பேசி மாணவர்களை அனுப்பி வைக்கும் பொறுப்பில் ஒரு மேடம் இருக்கிறார். எங்கள் பக்கத்துப் பெண்தான். சாத்தூரில் சர்ச் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவரின் மகள். நான் கையில் ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் கொண்டுபோயிருந்தேன். யாரைப் பார்க்கப் போனாலும் எங்களுக்கு அது பழக்கம். மேடம் அதை வாங்கி மேஜைக்குக் கீழே, காலுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எடுத்துத் திரும்ப என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"தீபாவளிக்கு அனுப்புங்க ஐயா, சந்தோஷமா வாங்கிக்கறேன். இன்னிக்கு வேணாம்."

அவர் பொறுமையாக எல்லாம் சொன்னார். ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருகிறதாம். எல்லாவற்றையும் படிக்க ஆள் கிடையாது. அதனால் முதலில் மார்க்கை வைத்துக் கம்ப்யூட்டரே கழித்துவிடும். அந்தக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டால், பிறகு ஏழா ஒன்பதா என்று யாரும் கேட்பதில்லை. என்ன செய்திருக்கிறாய், என்ன தெரியும் என்றுதான் கேட்பார்கள். ஒன்பது வாங்கிவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சின்னக் கம்பெனிகள் சில மார்க்கே கேட்பதில்லை. ஆனால் பெரிய இடங்களில் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் என்ன தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு அலுப்பாக வந்தது. எங்கள் ஆபீசில் வேலைக்கு வருகிறவர் கையை ஒரு மணி நேரம் பார்ப்பேன். அதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் என்னிடம் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றால் நானும் ஏதாவது ஒரு கோட்டைத்தான் போடுவேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

மேடம் மகளின் மார்க்குகளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஒரு பரீட்சையில் ஏழே முக்கால், எட்டு என்று வாங்குகிறாய். அடுத்ததில் ஆறு. மறுபடி ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. தீபாவளியை ஒட்டி வரும் பரீட்சை மட்டும் ஏன் இப்படி?

"சீசன் மேடம்" என்றாள் மகள்.

மேடம் எங்கள் பக்கத்துக்காரர் என்பதால் மேலே கேட்கவில்லை. சீசனில் ஆர்டர் குவியும். பில் போடக் கை போதாது. சனி ஞாயிறு என்றில்லாமல் அவள் பஸ் ஏறி வந்து உட்கார்ந்துவிடுவாள். எங்கள் வீட்டில் சீசனில் யாரும் சும்மா இருந்தது கிடையாது. கல்யாணம் ஆகிப் போன பெண் கூட வந்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். அதைப் படிப்புக்கு இடைஞ்சல் என்று நாங்கள் யாரும் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. 

கடைசியாக மேடம் சொன்னதுதான் மகளை முடிவெடுக்க வைத்தது. மார்க் சீட்டு எப்படியும் சரிபார்க்கப்படும். உள்ளே போய் ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் இவளை வெளியே அனுப்புவதோடு விடமாட்டார்கள். பொய் மார்க் கொடுக்கிற காலேஜ் என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளையும் கூப்பிட மாட்டார்கள். சொல்லுவதும் சொல்லாததும் உன் இஷ்டம் என்றார்.

வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். யோசித்துச் செய்யலாம், இரண்டு நாள் போகட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் போனை எடுத்து அங்கேயே நின்று மெயில் எழுதினாள். விண்ணப்பத்தில் ஏழு என்று இருக்கிறது, என் மார்க் ஆறு புள்ளி எட்டு இரண்டு, தவறு என்னுடையது, மன்னிக்கவும். கணக்கர் போட்டார் என்று எழுத வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"என் பேருல போற தாளுப்பா. அவரு பேரைக் கொண்டுபோய் எங்க எழுதச் சொல்லுதீக?"

கிஃப்ட் பாக்சை மடியில் வைத்துக்கொண்டு காரில் திரும்பினேன். திருமங்கலம் தாண்டியதும் டிரைவர், உடம்புக்கு முடியலையா முதலாளி என்று கேட்டார்.

பதில் மூன்றாம் நாள் வந்தது. சொன்னதற்கு நன்றி, எங்கள் விதிப்படி இந்த முறை எடுக்க முடியாது, அடுத்த முறை தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம். அவ்வளவுதான். நேர்காணலில் அவளிடம் ஈரச் சாக்கைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவருக்கு விஷயம் தெரியுமோ என்னவோ. அதைப் படித்துவிட்டுப் பஸ் ஏறி வீட்டுக்கு வந்த மகள், மறுநாள் முழுதும் படுத்தே கிடந்தாள். அழுதாளா என்று தெரியாது. அம்மாவைத் தவிர யாரையும் அறைக்குள் விடவில்லை.

பிறகு அவள் எங்கெங்கோ போட்டாள். எல்லாவற்றிலும் ஆறு புள்ளி எட்டு இரண்டு என்றே போட்டாள். ஒன்றிலிருந்தும் இல்லை என்று கூடப் பதில் வரவில்லை. நான் மறுபடி ஏஜென்டுகளுக்குப் போன் போட வேண்டியிருந்தது. அண்ணாச்சி, அது தள்ளிப்போய்விட்டது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சம்பந்தி அம்மாள் ஒரு வீட்டு விசேஷத்தில் எல்லார் நடுவிலும், "சென்னைக்குப் போகலையாக்கும் பிள்ளை? லட்டு மட்டும் சாப்பிட்டோம்" என்று கேட்டார். தொழிலில் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் காலேஜ் மேடம்தான் விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லைச் சொன்னார். சின்ன இடம். மார்க் கேட்கவில்லை. எப்போது வருவாய் என்று மட்டும் கேட்டார்கள். எண்ணெயில் ஈரம் எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று லேபில் பார்க்கும் வேலை. பாய்லர் பக்கம் பாதுகாப்பு விஷயங்களைத் தானே கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டாள். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. அவள் கேட்ட இரண்டு மாதம் அது இல்லை. ஆனாலும் ஒரு நாள் விடாமல் போனாள். காலையில் நானே காரில் கொண்டுபோய் இறக்கினேன். எனக்கு அந்த வேலை தேவையில்லைதான். டிரைவர் இருக்கிறார். ஆனாலும் போனேன்.  திரும்பி வரும்போது அவள் துப்பட்டாவில் கடலை எண்ணெய் வாசம் அடிக்கும்.

ஜூலை தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், மில் வாசலில் வந்து காரில் ஏறியவள், ரிசல்ட் வந்துவிட்டது என்றாள். இந்தப் பருவம் சீசன் இல்லாத பருவம். எட்டுக்கு மேல் வாங்கியிருக்கிறாள். எல்லாம் சேர்த்துக் கூட்டினால் ஏழு புள்ளி பூஜ்யம் மூன்று.

கொஞ்ச தூரம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. பெயிண்ட் கம்பெனிக்காரன் கேட்ட கோட்டை அவள் தாண்டிவிட்டாள். அங்கே ஆள் எடுத்து முடித்து, அந்தப் பிள்ளைகள் இரண்டு மாதம் பழகி முடித்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை செக்போஸ்டில் நிறுத்தி வைத்து, தீபாவளிக்கு மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்த என் லோடு ஒன்று உண்டு. நல்ல சரக்கு. ஒரு குறை சொல்ல முடியாது. இறக்கி வைக்கக்கூட ஆள் வரவில்லை. அந்த லாரிப் பக்கத்தில் நின்றபோது எப்படி இருந்ததோ, அப்படித்தான் அன்றைக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆர்.ஆர். நகர் தாண்டியதும், சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"இப்ப ஏழுன்னு சொல்லலாமா தாயி? சம்பந்தி வீட்டுக்கெல்லாம்?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் களைப்புத்தான் இருந்தது. ஆனால் வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

"ஏழு புள்ளி பூஜ்யம் மூணுன்னு சொல்லுங்க."

சரி என்றேன். வீடு வந்து சேரும் வரை மனதுக்குள் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சொல்வதற்கு நீளமாகத்தான் இருந்தது.

இந்த வருஷ சீசன் தொடங்கிவிட்டது. ஆர்டர் குவிகிறது. கணக்கர் பில் போட்டுக்கொண்டிருக்கிறார், பில்லில் பைசாவை வழக்கம் போல அடுத்த ரூபாய்க்கு ஏற்றுகிறார். அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. மகளின் மேஜையில் ஒரு பையனைச் சம்பளத்துக்கு உட்கார வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவள் போன் போட்டு, நான் கிளம்பி வரட்டுமா, கை போதுதா என்று கேட்டாள்.

போதவில்லை. போதுகிறது, நீ படி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.